கரியா, கேஸா

எட்டு வருடம் உழைத்த என் கிரில் அடுப்பின் அடித்தகடு போன மார்ச்சில் துருப்பிடித்துக் கழன்று விழுந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கரியைக் கொட்டினேன், பாதி அடுப்பில் நின்றது, மீதி புல்லில் கிடந்தது. உள்ளே மசாலா தடவிய கோழித்தொடைகள் காத்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவனில் வைத்துச் சமாளித்தோம். மறுநாள் காலை காபியோடு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தபோது, எட்டு வருடமாக எனக்கு வராத ஒரு சந்தேகம் வந்தது. புதிதாக வாங்கப்போவது கரி அடுப்பா, கேஸ் அடுப்பா?

ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. நான் இருப்பது டெக்ஸஸில், ஆஸ்டின் நகரத்தின் வடக்கு ஓரத்தில். இங்கே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் ஒரு கிரில் வைத்திருப்பது சுவரில் டிவி மாட்டியிருப்பது போல சாதாரணம். அதில் என்ன எரிகிறது என்பதுதான் ரஜினியா கமலா கதை. 'கிங் ஆஃப் தி ஹில்' என்று 1997ல் தொடங்கிய ஒரு கார்ட்டூன் தொடர் உண்டு. அதன் நாயகன் ஹேங்க் ஹில் டெக்ஸஸில் புரோப்பேன் கேஸ் விற்கிறவர். கரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார். முதல் சுற்றில் 13 சீசன் ஓடியது. என் பக்கத்து வீட்டுக்காரர் கிட்டத்தட்ட அவரேதான். ரிட்டயர் ஆனவர், நான்கு பர்னர் வைத்த கேஸ் கிரில், பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். நான் கரியைப் பற்றவைத்துப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நான் சாப்பிட்டே முடிச்சாச்சு" என்பார்.

நான் கரிக் கட்சி. ஏன் என்று கேட்டால் டேஸ்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டேஸ்ட் என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். இன்ஜினியரிங் படித்தவனுக்கு இந்த வியாதி உண்டு. முதலில் காகிதத்தில். புரோப்பேன் மூலக்கூறு ஒன்று எரிந்தால் மூன்று கார்பன் டை ஆக்ஸைடும் நான்கு நீர் மூலக்கூறும் வரும். அதாவது கேஸ் அடுப்பின் சூடான காற்றில் ஈரம் உண்டு. கரி என்பது பெரும்பாலும் வெறும் கார்பன், எரிந்தால் ஈரம் அவ்வளவாக வராது. கூடவே தணல் தகதகவென்று நேராக வெப்பத்தை வீசும், மேல்தோல் சீக்கிரம் முறுகும். இதெல்லாம் கரிக்குச் சாதகம். ஆனால் எல்லோரும் உருகும் அந்தப் 'புகை வாசம்' விஷயத்தில் கரிக்குப் பெரிய உரிமை இல்லை. மரத்தில் உள்ள லிக்னின் எரியும்போது வரும் குவாயகால் போன்ற பொருட்கள்தான் அந்த வாசத்துக்குக் காரணம். மரத்தைக் கரியாக்கும்போதே அதில் பெரும்பகுதி புகையாகப் போய்விடுகிறது. நம் மூக்குக்கு வருவதில் ஒரு பெரிய பங்கு, இறைச்சிக் கொழுப்பு சொட்டுச் சொட்டாகச் சூட்டில் விழுந்து கருகி மேலே வருவது. கொழுப்புக்குத் தான் விழுந்தது கரியிலா, பர்னருக்கு மேல் வைத்த இரும்புத் தகட்டிலா என்று தெரியாது.

பிறகு நிஜமாகவே சோதித்தோம், அடுப்பு உடைவதற்கு முந்தைய வருடம். ஒரே மசாலா, ஒரே கோழி. பாதி என் கரியில், பாதி பக்கத்து வீட்டுக்காரரின் கேஸில். ஆறு பேருக்குக் கண்ணைக் கட்டித் தின்னக் கொடுத்தோம். மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள், மூன்று பேர் தப்பாக. ஆறு பேர் ஆய்வாகாது என்பது தெரியும். ஆனால் சரியாகச் சொன்ன மூவரில் நான் இல்லை. அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

சரி, டேஸ்ட் இல்லையென்றால் வேறு என்ன? யோசித்துப் பார்த்தால் எனக்குப் பிடித்தது அந்த இருபது நிமிடம். தகர உருளைக்குள் கரியை அடுக்கி, அடியில் காகிதத்தைக் கொளுத்தி, கரி நீறு பூத்து வெளுக்கும் வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாத இருபது நிமிடம். வாரம் முழுக்க நான் செய்கிற வேலையில் காத்திருத்தல் என்றாலே பிழை. ஒரு பக்கம் திறக்க ஒரு நொடி அதிகமானால் எங்களுக்குள் மீட்டிங் நடக்கும். கரி அப்படியில்லை. காற்று, ஈரம், கரியின் பருமன் எல்லாம் பார்த்துத்தான் அது பிடிக்கும். மகள் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வருவாள். மனைவி நாற்காலி போட்டு உட்காருவாள். பேச்சு தானாக வரும். கேஸில் ஒரு குமிழைத் திருகினால் போதும், ஆளாளுக்கு உள்ளே போனுக்குத் திரும்பிவிடலாம்.

இதற்கு ஒரு தத்துவ ஆதாரமும் கிடைத்துவிட்டது எனக்கு. ஆல்பர்ட் போர்க்மன் என்று ஒரு தத்துவவாதி. ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் பல காலம் கற்பித்தவர், 2023ல் இறந்தார். தொழில்நுட்பத்தையும் இன்றைய வாழ்க்கையையும் பற்றி 1984ல் அவர் எழுதிய புத்தகத்தில் கணப்பு அடுப்பை உதாரணமாக எடுக்கிறார். பழைய வீட்டின் நடுவில் இருந்த கணப்பு வெப்பத்தை மட்டும் தரவில்லை, வீட்டையே கூட்டி வைத்தது என்கிறார். ஒருவர் விறகு வெட்ட, ஒருவர் தீ மூட்ட, குழந்தைகள் விறகை நிரப்ப, எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. பிறகு வந்த மையச் சூடேற்றியில் வெப்பம் மட்டும் வருகிறது. அதைத் தரும் இயந்திரம் சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நம் திறமையும் வேண்டாம், கவனமும் வேண்டாம், பக்கத்தில் ஆளும் வேண்டாம். நவீன சாதனங்களின் குணமே இதுதான் என்பது அவர் வாதம். படித்தபோது என் புல்தரையைப் பார்த்து எழுதியது போலிருந்தது. கரி கணப்பு, கேஸ் சாதனம். தீர்ப்பு சொல்லியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது அடுப்பு உடைந்த கதையைச் சொன்னேன். போர்க்மன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம், நெருப்பு அழகாக இருக்கும், அந்த மாதிரி ஏதோ சொன்னேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏன்டா தம்பி, அம்புட்டுத் தூரம் போயும் கரியைத்தான் ஊதிக்கிட்டு இருக்கியா? அந்த ஊர்ல கேஸ் கிடைக்கலையா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர் பக்கம். அம்மா சமைத்தது சீமைக்கருவேல விறகில். முள்ளை வெட்டுவதும், காய வைப்பதும், மழை வருவதற்குள் கட்டி உள்ளே போடுவதும் அவள்தான். போர்க்மன் சொன்ன கணப்பில் வேலை எல்லோருக்கும் பிரிந்து கிடந்தது. எங்கள் வீட்டில் அது பிரியவே இல்லை. அப்பா சாப்பிட உட்காருவார், நானும் தங்கையும் உட்காருவோம். அடுப்படியின் கூரை உட்பக்கம் தார் பூசியது போல இருக்கும். அம்மா பேசும்போது இடையில் தொண்டையைச் செருமுவது அவளுடைய பேச்சு வழக்கம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

2007ல் அப்போதைய தமிழக அரசு இலவச கேஸ் அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வருடம் வந்தது, நான் காலேஜில் இருந்தேன். லீவுக்குப் போனபோது அம்மா எனக்கு எதையும் சமைத்துக் காட்டவில்லை. லைட்டரைத் தட்டிப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். "பாத்தியா" என்றாள். அவ்வளவுதான். அந்த அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்து, பால் பொங்கி வழிந்தால் உடனே துடைத்து, என் பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே பளபளவென்று வைத்திருந்தாள்.

நமக்கு ஒரு புது பக்தி வந்திருக்கிறது, கவனித்திருப்பீர்கள். அம்மியில் அரைத்த சட்னி, விறகடுப்பு பிரியாணி, மண்சட்டி மீன்குழம்பு. நெடுஞ்சாலை ஓரத்தில் போர்டு வைக்கிறார்கள், யூட்யூபில் கோடிக்கணக்கில் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். அந்த வீடியோக்களில் எல்லாம் அரைக்கிறவர்கள் சிரித்தபடி இருப்பார்கள். ஐம்பதாவது நாள் அதே அம்மியில் உட்காரும்போது கேமரா அங்கே இருக்காது. நான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மூட்டும் தீயும் அந்த வகைதானோ என்று அன்றைக்கு முதல்முறையாக உறுத்தியது.

எனக்கே அது ஒருமுறை தெரிந்திருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்ஸஸில் பனிப்புயல் வந்து மின்சாரம் போனது. எங்கள் வீட்டு அடுப்பு மின்சாரத்தில் ஓடுவது. மூன்று நாள். குழாய்த் தண்ணீரையும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டார்கள். பின்கட்டில் பனியைத் தள்ளி, இந்தக் கரி அடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சினேன், கஞ்சி வைத்தேன். கையெல்லாம் விறைத்துப் போய், ஈரக் கரி பிடிக்காமல், நெருப்பைக் கெட்ட வார்த்தையில் திட்டியது நினைவிருக்கிறது. மகள் அப்போது இரண்டு வயது, பாலுக்கு அழுதுகொண்டிருந்தாள். குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். அதிலும், ஜெனரேட்டர், கார் புகையிலும் வந்த கார்பன் மோனாக்சைடு நச்சால் ஹூஸ்டன் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த மூன்று நாளும் கரி பிடிக்கும் இருபது நிமிடத்தில் எனக்கு எந்த தியானமும் கூடவில்லை. அதே அடுப்பு, அதே கரி, அதே ஆள். வேறு வழி இருந்ததா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அப்படியானால் கரி எனக்கு இனிப்பது, வீட்டுக்குள் இன்னொரு அடுப்பு இருப்பதால்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குப் பெரிய சிரமமில்லை. தேர்ந்தெடுத்த கஷ்டம் போலி என்று நான் நினைக்கவில்லை. காரில் போகக்கூடியவன் ஓடுகிறான், அதற்காக ஓட்டம் பொய்யாகிவிடாது. அம்மாவுக்குக் கட்டாயமாக இருந்தது எனக்கு விளையாட்டாக இருக்கிறது என்றால், அவள் பட்ட பாட்டின் பலன்களில் அதுவும் ஒன்று என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் நிம்மதியாகவும் இருந்தேன்.

என்னை நிஜமாக மாட்டவைத்தது கரி மூட்டைதான்.

கரி இங்கே இரண்டு விதம். ஒன்று தலையணை வடிவத்தில் அச்சில் வார்த்த கட்டிகள். இதை நாடு முழுக்கப் பரப்பியதில் ஹென்றி ஃபோர்டுக்குப் பங்கு உண்டு. மாடல் டி காருக்கு மரம் அறுத்தபோது மிஞ்சிய மரக்கழிவை வீணாக்க மனமில்லாமல், மிச்சிகனில் ஆலை வைத்துக் கரிக்கட்டியாக்கி 'ஃபோர்டு சார்கோல்' என்று விற்றார். 1951ல் அந்தத் தொழில் கை மாறி கிங்ஸ்ஃபோர்ட் என்று பெயரானது. நிலம் வாங்கிக் கொடுத்த உறவினரின் பெயர். இயற்கைக்குத் திரும்புகிறோம் என்று மூட்டுகிற நெருப்பு ஒரு கார் கம்பெனியின் உபரி. எனக்கு அது பிடித்தே இருந்தது.

நான் வாங்குவது இன்னொரு விதம், மரத்துண்டு அப்படியே கரியானது. அதிலும் மெஸ்கீட் மரக்கரி. டெக்ஸஸ்காரர்களுக்கு மெஸ்கீட் என்றால் தனிப் பெருமை. மேய்ச்சல் நிலத்தை ஆக்கிரமிக்கிறது என்று மாட்டுப்பண்ணைக்காரர்கள் அதைத் திட்டுவார்கள், கறி வாட்டும்போது அதே மரத்தைத் தேடுவார்கள். ஒருநாள் அந்த மரத்தைப் பற்றித் தேடிப் படித்தபோது சிரிப்பு வந்தது. நம் சீமைக்கருவேலமும் மெஸ்கீட்டும் நெருங்கிய உறவு. தாவரவியலில் இரண்டையும் ப்ரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நமக்கு வந்ததுதான். 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்ட அதே முள், அதன் சித்தப்பா மகன், இங்கே பளபளப்பான பையில் பதினெட்டு டாலர்.

பையைத் திருப்பிப் பார்த்தேன். மெக்சிகோவில் தயாரிக்கப்பட்டது என்று இருந்தது.

என் மாமா கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேலத்தை வெட்டி, ஒரே அளவில் துண்டு போட்டு, கூம்பாக அடுக்குவார்கள். மேலே வைக்கோல், தழை, அதன் மேல் ஈரமண். உள்ளே நெருப்பு வைத்து வாயை மூடிவிடுவார்கள். மரம் எரியக் கூடாது, காற்றில்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்து கரியாக வேண்டும். நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் அவ்வளவும் சாம்பல், கைக்காசு போச்சு. அதனால் ராத்திரியெல்லாம் மாமா மூட்டத்தைச் சுற்றி வருவார். கையில் ஒரு டார்ச், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், குழைத்த மண். வெடிப்பு தெரிந்த இடத்தில் கையாலேயே அப்புவார். சின்னப் பையனாக அவருக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன். "மாப்ள, அங்கிட்டு நில்லு, புகை ஒன் பக்கம் திரும்புது" என்பார். அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று நான் கேட்டதில்லை. மூட்டத்தைப் பிரித்தபிறகு கரியை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஓசை வந்தால் நல்ல கரி. இப்போது அந்த வேலைக்குப் போவதில்லை. ரேஷன் கடை மெஷினில் அவர் விரல்ரேகை பதிவதே இல்லை, ஒவ்வொரு மாதமும் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று அம்மா சொல்வாள்.

மெக்சிகோவின் சொனோரா பகுதியில் மெஸ்கீட் கரி பெரிய தொழில். அங்கே யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கரி எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். போர்க்மனை வைத்து நான் போட்ட கணக்கு இங்கேதான் இடித்தது. இயந்திரத்தை மறைத்துவிட்டுப் பலனை மட்டும் நீட்டுவதுதான் சாதனம் என்றால், இந்தப் பதினெட்டு டாலர் பை சுத்தமான சாதனம். கேஸ் சிலிண்டரில் மறைந்திருப்பது குழாயும் ஆலையும், அங்கே வேலை பார்ப்பவர்களும். பையில் மறைந்திருப்பது யாரோ ஒருவருடைய ராத்திரி. அந்த வேலையில் மிகவும் நோகாத கடைசி இருபது நிமிடத்தை மட்டும் நான் எனக்கு எடுத்துக்கொண்டு, அதற்குக் கவனம், பொறுமை, கூடியிருத்தல் என்றெல்லாம் பெயர் வைத்திருந்தேன். அம்மாவின் கஷ்டம் முடிந்துவிட்டது, அதனால் இது விளையாட்டு என்று சொன்னதும் பாதிதான் சரி. அந்தக் கஷ்டம் முடியவில்லை. என் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போயிருக்கிறது.

கரி வாங்காமல் விட்டால் அந்த ஆளுக்கு நல்லதா? மாமாவைக் கேட்டால் "வாங்காம போனா நாங்க எதைத் திங்கிறது" என்பார். அவருக்கு முள்வெட்டும் மூட்டமும்தான் அக்காவுக்கும் சேர்த்துக் கை கொடுத்தது, என் முதல் செமஸ்டர் ஃபீஸில் கரிக்காசு இருந்தது. கேஸுக்கு மாறினால் என் கை சுத்தமாகிவிடும் என்பது இன்னொரு சொகுசுக் கற்பனை. ஒரு பொருளை வாங்குவதாலோ தவிர்ப்பதாலோ நல்லவனாகிவிட முடியும் என்ற நினைப்பையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. என்னால் செய்ய முடிந்ததெல்லாம், கரியை கேஸைவிட உயர்ந்த வாழ்க்கை என்று யாரிடமும் பேசாமல் இருப்பது. பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட. எனக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்வது.

ஏப்ரலில் மறுபடியும் கரி அடுப்பே வாங்கினேன்.

மே மாதம் அம்மா வந்தாள். பெட்டியில் துணிக்கு நடுவில் ஐந்து அடுக்கு பிளாஸ்டிக் சுற்றி நெத்திலியும் வாளையும் கருவாடு. வந்து இரண்டாவது சனிக்கிழமை நான் அடுப்பை இழுத்து வைக்கும்போது தானாகவே வெளியே வந்து நின்றாள். பையிலிருந்து இரண்டு கரியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"நம்ம முள்ளுக் கரிதான்டா இது."

விலையைச் சொன்னேன். ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு, "உங்க மாமன் கேட்டான்னா மயங்கி விழுந்துருவான்" என்றாள்.

நான் அடுக்கியது அவளுக்குப் பிடிக்கவில்லை. இடுக்கியை வாங்கி, பெரியதை அடியில் தள்ளி, நடுவில் மூச்சு விட இடம் வைத்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் தணலாகிவிட்டது. உள்ளே போய்க் கருவாட்டை எடுத்துவந்தாள். கேஸ் வந்தபிறகு கருவாட்டைச் சுடுவதே இல்லையாம், வறுப்பதுதானாம். "பர்னர்ல சுட்டா ஒரு மாதிரி இருக்கு. ரொம்ப நாளா நாக்கு கேட்டுச்சு" என்றாள். தணலில் நேரடியாகப் போட்டுப் புரட்டினாள். அந்த வாசம் வேலியைத் தாண்டியிருக்கும், பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும் உடனே மூடும் சத்தமும் கேட்டது. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அப்போது காற்று திரும்பியது. புகை அம்மாவின் பக்கம் போனது. அவள் இரண்டு அடி தள்ளி நின்றாள், புகையும் வந்தது. செருமினாள், பிறகு இருமினாள், இருமல் நிற்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுட்ட கருவாட்டைத் தட்டில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலி காலியாகக் கிடந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காலையில் ஊறவைத்த பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கருவாட்டைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

நான் கதவைத் திறந்து, "நல்லா இருக்காம்மா?" என்றேன்.

"நல்லாருக்கு தம்பி. கதவைச் சாத்து, புகை உள்ள வருது."